பூண்டு வாடை

சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, லாரியில பின்னால சோப்புப் பெட்டி மேலதான் சாச்சு வச்சிருக்கேன். கதவ இழுத்து அடிங்க. இன்னும் பலமா. அது சொன்ன பேச்சு கேக்காத கதவு. ஆங், கொக்கி விழுந்துட்டு. தபால் பைய மடியில வச்சுக்கிடுங்க. நடுரோட்டுல மறிச்சு, ஏறு ஏறுன்னு கையப் புடிச்சு இழுத்தா யாருக்குன்னாலும் கோவம் வரத்தான் செய்யும். காக்கிச் சட்டையையும் பையையும் பாத்ததுமே பனவடலிசத்திரத்துக்குத் தபால் கொண்டு போற ஆளுன்னு தெரிஞ்சிட்டு. எனக்கு அந்த ஊருல துரைப்பாண்டி வீடு தெரியணும். இன்னைக்கு மகளுக்குக் கல்யாணம். தெரியும்லா?

பத்திரிக்கை பூரா நீங்கதான் குடுத்தீகளா? அப்ப நல்லதாப் போச்சு. பதினொண்ணரை வரைக்கும் முகூர்த்தம்னா பன்னெண்டுக்கு மொதப் பந்தி. இப்ப மணி என்ன? பதினொண்ணு பத்தா? சரி. போயிரலாம். போயே ஆவணும்.

விசயத்தச் சொல்லிருதேன், பதறாதீக. அந்த வீட்டுக்குக் காலையில சங்கரன்கோயில்லருந்து ஒரு மூட்ட சீனி போயிருக்கு. பாயாசத்துக்கு. அதுல பருத்திக்கு அடிக்கிற மருந்து எறங்கியிருக்கு. ஆமா, பூச்சி மருந்துதான். கத்தாதீக அண்ணாச்சி, கத்துனா வண்டி வேகமாப் போவுமா? நான் மிதிக்கிற மிதி பத்தாதா?

சன்னல நல்லா எறக்கி விடுங்க. தை மாசத்துல இப்படி வேக்குது பாருங்க, சட்டையப் புழிஞ்சா தண்ணி வரும். உங்களுக்குக் குளுருதா? குளுரட்டும், இருக்கட்டும்.

எம்பேரு மூக்காண்டி. இந்த வண்டிக்கு நான் டிரைவர் இல்ல, ஆக்டிங். ஏஜென்சி டிரைவரு மச்சினன் கல்யாணம்னு லீவு போட்டா, கழுகுமலை ரோட்டு டீக்கடையில வந்து என்னையக் கூப்புடுவான். சாவியக் குடுத்தா ஓட்ட வேண்டியது, சாயங்காலம் சாவியக் குடுத்துட்டுப் போவ வேண்டியது. முந்தாநாளு செங்கலு, நேத்து வைக்கோலு, இன்னைக்கு இந்தச் சரக்கு. லோடு ராத்திரியே ஏத்தி வச்சிருந்தான். பிஸ்கட்டு, சோப்பு, ரவை, சீனி நாலு மூட்ட. ஓரத்துல நாலு தகர டின்னு, திருவேங்கடத்துல உரக்கடையில எறக்கணும்னு சீட்டு. டின்னுல என்ன இருக்குன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.

அதே வண்டியிலயான்னு கேக்கீகளா? எல்லா எளவும் அதே வண்டியிலதான். இதுக்குன்னு தனியா ஒருத்தன் வண்டி அனுப்புவானா?

மொத எறக்கம் சங்கரநாராயணன் மொதலாளி கடை. முன்னால பலசரக்குக் கடை, போன தீவாளியிலருந்து சூப்பர் மார்க்கெட்டுன்னு போர்டு தொங்குது. கூடையத் தூக்கிட்டு உள்ள போயி நம்மளே எடுத்துக்கிடணும். எங்க வீட்டுல பாலம்மா ஒருநா போயிட்டு, ஒண்ணும் வாங்காம வெறுங்கூடையோட சுத்திட்டு வந்து, ரெண்டு நாளா அதே பேச்சு. அந்தக் கடையிலதான் சீனி நாலு மூட்டையும் எறக்கணும். எறக்குதேன், மொதலாளி மூக்கச் சுளிக்காரு. என்னலே பூண்டு வாடை அடிக்குங்காரு. ஒரு சாக்குல மட்டும் அடியில ஈரம் வேற. இது வேண்டாம், திருப்பிக் கொண்டு போன்னுட்டாரு.

எனக்கு ரோசம் வந்துட்டு. நேத்து இதே வண்டியில பூண்டு ஏத்துனாக, வாடை இருக்கத்தான் செய்யும், ஈரம் ராத்திரிப் பனித்தண்ணின்னு சொன்னேன். நேத்து இந்த வண்டியில என்ன ஏத்துனாகன்னு எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நேத்து நான் வைக்கோல் வண்டியில்லா ஓட்டுனேன். வாயில வந்தத அடிச்சு விட்டேன். சரக்கத் திருப்பிக் கொண்டு போனா, ஆக்டிங்குக்குச் சாமர்த்தியம் பத்தாதுன்னு அந்தாக்குல ஒதுக்கிருவான். அப்புறம் டீக்கடைப் பெஞ்சுதான்.

ஆமா, எடுத்துக்கிட்டாரு. எப்படின்னா? எடுத்துக்கிட்டாரு, அம்புட்டுதான்.

ஏலே! ஏலே, கெடையப் பத்துலே ஓரமா! ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டு வயக்காடா? அண்ணாச்சி, நீங்க தலைய நீட்டிச் சொல்லுங்க, உங்களத் தெரியும்லா அவனுக்கு. ஐயோ, நூறு ஆடு இருக்கும் போலுக்கே. முட்டித் தூக்கிட்டுப் போயிரவா? முடியாது, அதுவும் உசுருதான. சீக்கிரம்லே, உனக்குப் புண்ணியமாப் போவும்!

செத்த இருங்க. எறங்கிட்டு வாரேன்.

ஒண்ணுமில்ல, காலையில தின்ன பூரி சேரல. தண்ணி இருக்கா? குடுங்க. வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு, துப்பித் துப்பி மாளல. போயிட்டா ஆடு? புடிச்சுக்கிடுங்க, வேகமாப் போறேன்.

எங்க விட்டேன்? திருவேங்கடம். உரக்கடைக்காரரு ஒவ்வொரு டின்னாத் தூக்குதாரு. மூணு கனக்கு. நாலாவது ஒத்தக் கையில வருது. கவுத்துப் பாத்தா அடியில ஒட்டு விட்டுப்போயி, பாதி மருந்து இல்ல. மோந்து பாக்கேன். அதே பூண்டு வாடை! அண்ணாச்சி, எனக்குத் தல கிறுகிறுன்னு வந்துட்டு. பேரு மட்டும் மூக்காண்டி, என்ன பிரயோசனம்? இதுல ஒரு மூடி ஊத்துனா ஒரு டப்பாத் தண்ணிக்குப் போதும், காய்ப்புழு சுருண்டு விழும், கையில பட்டா சோப்புப் போட்டுக் கழுவணுங்காரு அவரு. நான் கேட்டுக்கிட்டா நிக்கேன்? வந்த வழியே திருப்பிட்டேன்.

கடையில மூணு மூட்ட அப்படியே இருந்துச்சு, பிரிக்கல. கோமதியம்மன் காப்பாத்துனா. ஈரச் சாக்கு எங்கன்னு கேட்டா, கல்யாண வீட்டுக்குச் சீனி பத்தலன்னு துரைப்பாண்டி ஆளு வந்து டவுன் பஸ்ல போட்டுக் கொண்டு போயிட்டானாம். சங்கரநாராயணன் மொதலாளி கல்லாவுலயே உக்காந்துட்டாரு. ஒரு வார்த்தை என்னையத் திட்டல. திட்டியிருந்தாத் தேவல.

போனா? போட்டுப் பாக்காமலா இருப்போம்? சத்திரத்துல போனு இருக்கது உங்க தபாலாபீசுல மட்டும்தான, அந்த லைன் செத்துக் கெடக்கு. டாக்ஸிக்கு ஓடுனா ஸ்டாண்டுல ஒரு காரு இல்ல. முகூர்த்த நாளு, பூரா மாப்பிள்ள அழைக்கப் போயிட்டு. அதான் நானே எடுத்துட்டு வாரேன்.

உங்களுக்கும் அங்கதான் சாப்பாடா? வீட்டுக்காரி பிள்ளைகளோட காலையிலயே போயிட்டாகளா? ஐயோ அண்ணாச்சி. அழாதீக. நீங்க அழுதா எனக்கு ரோட்டுல கவனம் நிக்காது. பந்தி பன்னெண்டுக்குத்தான. சமையக்காரன் ருசி பாப்பான்... பாக்கட்டும், பாக்காம இருக்கட்டும், நம்ம போயிருவோம்.

மேகம் போட்டிருக்கா அண்ணாச்சி? இல்லையா? நல்ல வெயிலா? எனக்கு என்னமோ அந்தி மசங்குன மாதிரி இருக்கு. கண்ணாடியத் தொடைங்க. உள்பக்கமும். சரி, தெரியுது. தெரியுது தெரியுது. ஓரத்துல பனை வந்தாச் சொல்லுங்க. எதுத்தாப்புல வண்டி வந்தாலும் சொல்லுங்க. சும்மாதான் கேக்கேன்.

பேசிக்கிட்டே வாங்க. இல்ல, எப்படி எடுத்துக்கிட்டாருன்னு மட்டும் கேக்காதீக. வேற எதாவது பேசுங்க. பொண்ணு எப்படி, நல்ல பொண்ணா? மாப்பிள்ள ராயகிரியா? நல்லாருக்கட்டும்.

நிறுத்திட்டேன். பின்ன என்ன செய்ய, ரோடு ரெண்டாத் தெரியுது. எதுல போவ? ஒண்ணுல போனா ஓடைக்குள்ள விட்டுருவேன், உங்களையும் சேத்து. அங்கன மைல்கல்லு நிக்கா? என்ன எழுதியிருக்கு, வாசிங்க. பனவடலிசத்திரம் ரெண்டா? ரெண்டு கிலோமீட்டர்தான? எறங்குங்க. சைக்கிள நீங்களே எறக்கிக்கிடுங்க, எனக்குக் கையில பலம் இல்ல. உங்க காலு நல்ல காலு, காத்தும் இல்ல. பத்து நிமிசம். தபால் பைய இங்கனயே போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்.

நிக்காதீக. நின்னு என் மூஞ்சியப் பாத்து என்ன ஆவப் போவுது?

சரி, சைக்கிள எறக்கிக்கிட்டே கேளுங்க. மொதலாளி வேண்டாம்னாருல்லா, நான் அவரு குத்தூசிய வாங்கி அந்த ஈரச் சாக்குல குத்தி, கை நெறையச் சீனிய அள்ளி வாயில போட்டு மென்னு காட்டுனேன். ரெண்டு வாட்டி. பாத்துக்கிடுங்க மொதலாளி, மூக்காண்டி செத்தா போயிட்டான்னு கேட்டேன். கடையில அம்புட்டு பேரும் சிரிச்சாக. அவரும் சிரிச்சுட்டுதான் கையெழுத்துப் போட்டாரு. நான் திங்கலன்னா அந்த மூட்ட அங்க போயிருக்காது அண்ணாச்சி. அதான் விசயம்.

ஆஸ்பத்திரியா? அது சங்கரன்கோயில்ல இருக்கு. அடுப்பு இந்தப் பக்கம் இருக்கு. வண்டி ஒண்ணுதான, எந்தப் பக்கம் திருப்புவேன்?

மொதல்ல பாயாசத்தக் கவுத்துங்க. நாய் நக்காத எடமாப் பாத்துக் குழி வெட்டி ஊத்தச் சொல்லுங்க. யாரும் ருசி பாத்திருந்தா அவுகளத் தனியா உக்கார வைங்க. எல்லாம் முடிச்சுட்டு, கல்யாண வீட்டுல லாரி ஓட்டத் தெரிஞ்சவன் யாராவது இருக்கானான்னு கேளுங்க. சாவி வண்டியிலயேதான் இருக்கும். நான் பக்கத்து சீட்டுல படுத்துக்கிடுதேன். ஒரு டிரிப்புதான், சங்கரன்கோயில் வரைக்கும், ஆக்டிங்னு சொல்லுங்க.