உள்ளே எத்தனை பேர்

கிட்ட வந்து உட்காருங்கள். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? இது பட்டப்பகல் பன்னிரண்டரைக்கு நடந்தது... வெள்ளிக்கிழமை. ஆம்பூரில் பாலாற்றங்கரை ரோடு. நமாஸ் நேரம். காக்கை கூடக் கிடையாது. ரோட்டுக் கோடியில் ஒரு தோல் கம்பெனி. எண்பத்தெட்டில் அங்கே கம்ப்யூட்டர் பார்த்தவன் அருணகிரி, என் தோஸ்த் ராஜகோபாலுக்கு மச்சினன்.

வெள்ளி மதியம் கம்பெனியே காலியாகும். வெளியே போனவர்களை அருணகிரி ஒவ்வொரு பேராக ‘வெளியே’ என்று பதிவு செய்வான். பிறகு கம்ப்யூட்டரைக் கேட்பான்: உள்ளே இருப்பவர்களைப் பிரிவு வாரியாகச் சேர்த்து, எத்தனை பேர் என்று கூட்டிச் சொல். ஆள் இருக்கிற பிரிவுக்கு ஒரு வரி வரும். ஆளே இல்லாத பிரிவுக்கு வரியே வராது. கடைசியில் அவனுடைய ஒரு வரிதான் நிற்க வேண்டும். நின்றால் வாட்ச்மேன் மஹபூப் பாஷா கேட்டைப் பூட்டிவிட்டுப் போவார்.

அருணகிரி மட்டும் உள்ளேயே தங்குவான். ஏசிக்காக. கம்பெனியில் ஏசி அந்த ரூமில் மட்டும்தான். என்ன குளிர் தெரியுமா... கொண்டுவந்த ரசம் உறைந்துபோய், கத்தியால் வெட்டித் தின்பான்.

இது நடப்பதற்கு ரெண்டு மாசம் முன்னால், பசி அவசரத்தில், மயிர் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி ஆட்கள் மொத்தப் பேரையும் ஒரே கட்டளையில் ‘வெளியே’ என்று போட்டுவிட்டான். குழிக்கு வரி வரவில்லை. கேட் பூட்டியது. குழியில் வழுக்கி விழுந்த செங்கல்வராயன் உள்ளே கிடந்தான். கத்தியிருப்பான். ஏசி இரைச்சலில் எங்கே கேட்கும்? திறந்து பார்த்தபோது, மயிர் கழன்ற தோல் மாதிரி வெளுத்து மிதந்தான்.

“எண்ணிக்கை சரியாத்தான் வந்துச்சு,” என்றான் அருணகிரி. அப்புறம் கம்ப்யூட்டரிலிருந்து செங்கல்வராயன் பேரையே அழித்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பாஷா எட்டிப் பார்த்தார். “இன்னாப்பா, இன்னிக்கும் ஐஸ்பெட்டிதானா? வா, வீட்ல பிரியாணி.”

“சூடா இருக்கும் பாய். எனக்கு ஒத்துக்காது.”

“வேற யாரும் உள்ள இல்லையே?”

“ஒரே வரிதான். பூட்டுங்க.”

பூட்டு விழுந்தது. ரசத்தில் கத்தி வைத்தான்... மூக்கில் சுண்ணாம்பு நெடி. சும்மா இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தான். பச்சை எழுத்தில் இரண்டு வரி.

கம்ப்யூட்டர் ரூம் 1.
சுண்ணாம்புக் குழி 1.

பேர் அழித்தாயிற்றே... மறுபடி கேட்டான். குழி வரியைக் காணோம். ‘டிரம் பிரிவு 1.’ தூரத்தில், கரண்ட் நிறுத்தியிருந்த, தோல் பதனிடும் மரப்பீப்பாய் உருண்டது. தொம்... தொம்...

எழுந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். கேட்டோ வெளிப்பூட்டு. பாய் திரும்ப ரெண்டு மணியாகும்.

இன்னொரு தடவை கேட்டான். ‘பேக்கிங் 1.’ பேக்கிங், பக்கத்து ரூம். சொதக்... சொதக்... ஈரக்கால் சுவரோரமாக வந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டான்.

கம்ப்யூட்டர் ரூம் 2.

கத்தினான். ஏசி இரைச்சல் ஜாஸ்தியானது. இன்னும் ஜாஸ்தி. தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை...

பாய் வந்து கூப்பிட்டார். தட்டினார். ரூம் கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. உடைத்தார்கள். ஆளைக் காணோம். தட்டில் பாதி ரசம். நாற்காலி மட்டும் சொட்டச் சொட்ட ஈரம்... வெள்ளையாக.

திரையில் ஒரே ஒரு வரி.

சுண்ணாம்புக் குழி 2.