மழைக்குள் ஒரு டிக்

லாக்லன்: ...ஒண்ணும் கேக்கலையே.

மரிவிக்: ஹெட்போன நல்லா காதோட அழுத்துங்க பாஸ்.

லாக்லன்: அழுத்திட்டேன். மழை பெய்யுது. படகு ஆடுது. தூரத்துல ஏதோ பறவை... அவ்ளோதான்.

மரிவிக்: அவ்ளோதான் பாஸ். அந்த அவ்ளோதானுக்குத்தான் ஏழு வாரம்.

லாக்லன்: படகுல உக்காந்திருக்கறது?

மரிவிக்: நான்தான். மீன்பிடி விளையாட்டு. நான் ஆடறத அப்படியே பதிவு பண்ணி, நடுநடுவுல மெதுவா பேசி, நெட்ல போடுவேன்.

லாக்லன்: இவ்ளோ நேரமா ஒரு மீனும் சிக்கலையே உனக்கு.

மரிவிக்: சிக்கக்கூடாது. சிக்கினா படக்குனு சத்தம் வரும், கேக்கறவங்க முழிச்சுக்குவாங்க.

லாக்லன்: தூங்கறதுக்கா இதப் பாக்கறாங்க?

மரிவிக்: பாக்க மாட்டாங்க. காதுல மாட்டிக்கிட்டுப் படுத்துடுவாங்க. முந்நூறு, நானூறு பேர். பாதிப் பேர் எங்க ஊர்ப் பொண்ணுங்க. நான் இங்க உங்க மாட்டப் பாக்கற மாதிரி, எங்கெங்கயோ வேலை பாக்கறவங்க.

லாக்லன்: நாள் பூரா என் பண்ணைல சேறு மிதிச்சிட்டு வந்து, இத வேற பண்ணிருக்க. சரி... அந்த டிக் சத்தத்த மொதல்ல எப்படிக் கவனிச்ச?

மரிவிக்: நான் எங்க கவனிச்சேன். ரோவேனான்னு ஒரு பொண்ணு, ஹாங்காங்ல வீட்டு வேலை. சமையக்கட்டு ஓரத்துல மடக்குக் கட்டில் போட்டுப் படுக்குமாம். ஜூன் மாசம் அதுதான் எழுதிச்சு: "அக்கா, மழைக்குள்ள யாரோ நகம் வெட்டறாங்க."

லாக்லன்: நகம் வெட்டறாங்களா...

மரிவிக்: போட்டுக் கேட்டேன். டிக். கொஞ்ச நேரம் கழிச்சு டிக். அப்புறம் அது மட்டும்தான் எனக்குக் கேக்குது, மழையே கேக்கல.

லாக்லன்: கடிகாரம்னு நெனச்சிருப்ப.

மரிவிக்: கடிகாரத்தத் துண்டுல சுத்தி வண்டிக்குள்ள வச்சேன். அன்னைக்கும் டிக். ஃப்ரிட்ஜ அணைச்சுப் பாத்தேன். ஹீட்டர அணைச்சேன். தெக்கத்திக் காத்து அடிக்கற இந்த ஊரு ஜூன் மாசக் குளுருல ஹீட்டர் இல்லாம, ரெண்டு ஸ்வெட்டர், தலையில போர்வை போட்டுக்கிட்டு மீன் பிடிச்சேன்.

லாக்லன்: பல்லு தந்தியடிச்சிருக்கும். அதுதான் டிக்.

மரிவிக்: சிரிங்க பாஸ். அப்புறம் விளையாட்டுச் சத்தத்தத் தனியா, மைக் சத்தத்தத் தனியா பிரிச்சுப் பதிஞ்சேன். விளையாட்டுல டிக் இல்ல. மைக்குலதான் இருக்கு. மைக்க தலைகாணிக்கு உள்ள திணிச்சு, வாய மூடிக்கிட்டு உக்காந்தேன். அப்பவும் டிக்.

லாக்லன்: அப்படின்னா காத்துல வர்ற சத்தமே இல்ல.

மரிவிக்: அதேதான். வேற யாருக்காவது சொன்னா புரியறதுக்கு அரை மணி ஆகும். மைக் கம்பி வழியா வருது. சரி, கம்பிதான் கெட்டுப்போச்சுன்னு வேற கம்பி வாங்கினேன். போகல. லேப்டாப் சார்ஜரப் புடுங்கிட்டு பேட்டரில ஓட்டினேன். கொறைஞ்சுது... ஆனா போகல.

லாக்லன்: விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. நானா இருந்தா மைக்க ஆத்துல போட்டிருப்பேன்.

மரிவிக்: இரைச்சல எடுக்கற சாஃப்ட்வேர் போட்டேன். டிக் போச்சு. கூடவே மழையும் பாதி போச்சு. ரோவேனா எழுதிச்சு, "அக்கா, மழை இப்ப கொட்டாங்குச்சிக்குள்ள பெய்யுது"ன்னு.

லாக்லன்: அந்தப் பொண்ணுக்குக் காதா, இல்ல என்னது அது.

மரிவிக்: இன்வர்கார்கில் டவுன்ல என் மச்சான் ஜோமார் போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கொண்டுபோய்க் காட்டினேன். அவன் கடைல வச்சுப் பதிஞ்சா டிக்கே இல்ல. "உனக்கு வேலை அதிகம், காதுல பிரமை"ன்னான். திரும்பி வந்து இதே மேசைல வச்சேன். டிக்.

லாக்லன்: அப்ப மைக்குல இல்ல, இந்த வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

மரிவிக்: தெரிஞ்சுது. ஆனா வீட்டுல எதுன்னு தெரியல. கம்ப்யூட்டர்ல சத்தத்தப் பெருசாக்கிப் பாத்தேன். ஒவ்வொரு டிக்கும் ஒரு முள்ளு மாதிரி நிக்குது. எல்லாம் ஒரே இடைவெளி. எண்ணினேன். நிமிஷத்துக்கு நாப்பத்தாறு.

லாக்லன்: எண்ணினியா.

மரிவிக்: மூணு நாள், வேற வேற நேரத்துல. நாப்பத்தாறு. அப்புறம் கன்னு ஈனறதுக்கு முன்னாடி கறவைக் கொட்டகையக் கழுவச் சொன்னீங்கல்ல, அன்னைக்குத் தண்ணி மோட்டார நிறுத்தினேன். கொட்டகையே அமைதியாச்சு. சுவத்துல... டிக். டிக்.

லாக்லன்: வேலி மெஷின்.

மரிவிக்: கரண்ட் வேலிக்குத் துடிப்பு அனுப்புதே, அந்த டப்பா. நாலு வருஷமா அது பக்கத்துல நின்னுதான் பால் கறக்கறேன், ஒரு நாளும் காதுல விழுந்ததில்ல. கையில பிரஷோட நின்ன எடத்துலயே நின்னு எண்ணினேன். நாப்பத்தாறு.

லாக்லன்: உடனே எனக்குப் போன் பண்ண. "பாஸ், வேலிய அணைங்க"ன்ன. நான் எந்த மாடு கம்பில மாட்டிக்கிச்சோன்னு ஓடினேன்.

மரிவிக்: அதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்து ஹெட்போன மாட்டிட்டேன்.

லாக்லன்: நான் சுவிட்ச அணைச்சேன். நீ போன்ல "நின்னுடுச்சு"ன்ன. போட்டேன். "வந்துடுச்சு"ன்ன. உன்னைச் சோதிக்கலாம்னு சொல்லாமலே அணைச்சேன். டக்குனு "இப்ப அணைச்சீங்க பாஸ்"ன்னு சொன்ன. கொட்டகையும் உன் வீடும் அரைக் கிலோமீட்டர். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு, மரிவிக். நாப்பது வருஷமா வேலி போடறேன், எங்க கரண்ட் கசியுதுன்னு ஒரு நாள் பூரா நடந்து தேடுவேன். நீ நாற்காலில உக்காந்த எடத்துல கண்டுபிடிச்ச.

மரிவிக்: சரி பண்ணது நீங்கதானே. வீட்டுக்குப் பின்னாடி வேலிக் கம்பத்துல உடைஞ்ச பீங்கானக் கண்டது நீங்க. வேலியோட எர்த் குச்சியப் புடுங்கி அந்தப் பக்கம் அடிச்சது நீங்க.

லாக்லன்: அது சம்மட்டி வேலை. எவனும் அடிப்பான்... இப்ப அந்தப் பழைய வீடியோ எல்லாம் என்ன பண்ணப் போற? அழிச்சிட்டியா?

மரிவிக்: அழிக்கறதா. ஒண்ணொண்ணா சரி பண்றேன். சாஃப்ட்வேர் விட்டா மழையையும் தின்னுடும். அதனால ஒவ்வொரு டிக்கா, கையால எடுக்கறேன்.

லாக்லன்: கையாலயா? ஒரு வீடியோ எவ்ளோ நேரம்?

மரிவிக்: நாப்பது நிமிஷம்.

லாக்லன்: நாப்பத்தாற நாப்பதால... ஆயிரத்தி எண்ணூத்துக்கு மேல வருதே. ஒரு வீடியோவுக்கு!

மரிவிக்: கை பழகிடுச்சு பாஸ். மடி கழுவற மாதிரிதான். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது.

லாக்லன்: இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. நெசமாத்தான் சொல்றேன்.

மரிவிக்: டீ ஆறுது.

லாக்லன்: ம்... எத்தன முடிச்சிருக்க?

மரிவிக்: ஒம்போது.

லாக்லன்: எல்லாத்துலயும் டிக் இருக்குமோ? ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்?

மரிவிக்: எட்டுல இருக்கு. ஒண்ணுல நடுவுல கொஞ்ச நேரம் இல்ல.

லாக்லன்: எந்த... எந்த நாள்ல பதிஞ்சது அது?

மரிவிக்: ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் எனக்கு லீவு. கிடேரிங்க ரோட்டுக்குப் போன அன்னைக்கு. ரெண்டு மணி நாலு நிமிஷத்துல டிக் நிக்குது. ரெண்டரைக்குத் திரும்ப வருது.

லாக்லன்: மரிவிக்...

மரிவிக்: ஒரு விஷயம் சொல்லட்டுமா பாஸ்? அன்னைக்குக் காலைல கிடேரிங்களுக்குக் கிழங்குத் தோட்டத்துல அடுத்த பாத்திய மேயத் திறந்து விட்டுட்டு, குறுக்கு வேலிக் கம்பிய நகத்திக் கட்டினது நான். மறுநாள் டீ நேரத்துல எல்லாரையும் வச்சுக்கிட்டு நீங்க சொன்னீங்க, கம்பிக்குக் கரண்ட் குடுக்கற கொக்கி தரையில கெடந்துது, மரிவிக் மாட்டாம போயிட்டா, கம்பில கரண்ட் இல்ல, அதான் மாடு தாண்டிடுச்சுன்னு. வண்டியில அடிபட்ட அந்தக் கிடேரிய நான்தான் புட்டிப்பால் குடுத்து வளத்தேன்.

லாக்லன்: தெரியும்.

மரிவிக்: எச்சரிக்கைக் கடிதம்னு ஒண்ணு கையில குடுத்தீங்க. அத நான் பெருசா நெனைக்கல. அக்டோபர்ல விசாவுக்கு உங்க கையெழுத்து வேணும், அதக்கூட அப்புறம்தான் நெனச்சேன். கொக்கியத்தான் நெனச்சேன். படுத்தா, கை அந்தக் கொக்கிய மாட்டற மாதிரியே இருக்கும். மாட்டினேனா, மாட்டலையா. குளுருக்குக் கையுறை போட்டிருந்தேன், மாட்டினது கையில தெரியலையோன்னு. மூணு வாரம் இதே. கடைசில நானே நம்பிட்டேன் பாஸ், நான்தான் மாட்டலன்னு.

லாக்லன்: நீ மாட்டியிருந்த. மாடு இழுத்துட்டுப் போனதுல கொக்கி கழண்டு விழுந்திருக்கு. அன்னைக்கு ரெண்டு மணிக்கு ஆத்தோரத் தொட்டிகிட்ட கம்பி அறுந்து கெடந்துது. அத முறுக்கணும்னு கொட்டகைக்குப் போய் வேலி மொத்தத்தயும் அணைச்சது நான். முடிச்சிட்டு வந்து திரும்பப் போட்டேன். அப்பதான் போன் வந்துது, ரோட்டுல மாடுன்னு. ஓடிப்போய்ப் பாத்தா கொக்கி தரையில. நீ மாட்டலன்னு நெசமாவே நெனச்சேன். எல்லார்கிட்டயும் அதையே சொன்னேன்.

மரிவிக்: எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?

லாக்லன்: உனக்குக் கடிதம் குடுத்த அன்னைக்கே, சாயங்காலம். பூட்ஸக் கழட்டும்போது நேரத்தக் கணக்குப் போட்டுப் பாத்தேன். கழட்டின பூட்ஸோட அப்படியே உக்காந்திருந்தேன். ஆனா... அத்தன பேர் முன்னாடி சொன்னதத் திரும்ப முழுங்க எனக்கு மனசு வரல. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு தள்ளினேன்.

மரிவிக்: அப்புறம் நான் போன் பண்ணி வேலிய அணைக்கச் சொன்னேன்.

லாக்லன்: நீ "நின்னுடுச்சு"ன்னு சொன்ன பாரு... அந்த வார்த்தையக் கேட்டப்ப கை சுவிட்சுமேலயே நின்னுபோச்சு. இந்தப் பொண்ணோட பதிவுல எல்லாம் இருக்கும்னு தோணிச்சு. அது வரைக்கும் வெக்கம்தான் இருந்துது. அப்புறம் பயமும் சேந்துக்கிச்சு. பயம் வந்துதான் இன்னைக்கு வந்தேன்னு நீ நெனச்சா, இல்லன்னு சொல்ல மாட்டேன். சத்தம் போச்சான்னு கேக்கற சாக்குல வந்தேன். நீ சொல்லச் சொல்ல, இவ்ளோ நேர்த்தியா வேலை செய்யற ஒருத்திய நான் கொக்கி மாட்டாதவள்னு சொன்னேனேன்னு... டீ எறங்கல.

மரிவிக்: அந்தக் கடிதம்?

லாக்லன்: இந்தா. ஃபைல்லேர்ந்து எடுத்துட்டு வந்துட்டேன். நீயே கிழி. விசாவுக்கு வேற கடிதம் எழுதித் தர்றேன், என்ன எழுதணுமோ நீ பக்கத்துல இருந்து சொல்லு.

மரிவிக்: கிழிக்கறது இருக்கட்டும் பாஸ். சொன்னது எல்லார் முன்னாடியும்.

லாக்லன்: நாளைக்குக் காலைல, டீ நேரத்துல, அதே எடத்துல சொல்றேன். நான் அணைச்சேன், நான் மறைச்சேன், மரிவிக் மேல பழி போட்டேன்னு. ஒரு வார்த்தை கொறைக்க மாட்டேன்.

மரிவிக்: கண்டிப்பா?

லாக்லன்: கண்டிப்பா... எதுக்கு இப்ப போன எடுக்கற?

மரிவிக்: உங்க வீட்டுக்குத்தான். நேத்து உங்க வீட்டம்மா இஸ்லா மேடம் வந்தாங்க, அந்த ஞாயித்துக்கிழமைப் பதிவ அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறு, அவரா வந்து சொல்லுவாரு, வரலேன்னா திங்கக்கிழமை டீ நேரத்துல பெரிய ஸ்பீக்கரக் கொண்டுவந்து எல்லாருக்கும் நானே போட்டுக் காட்டறேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஸ்பீக்கர் வேண்டாம்னு சொல்லிடறேன்.