சுடுதண்ணீர் பட்ட குடல்

இரத்தோட்டை இறைச்சிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் ஐஸ் பெட்டியைத் திறந்தாள்.

“நானா, நேத்துச் சொன்ன ஆட்டு இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல்... கழுவலதானே?”

கடைக்காரர் சிரித்தார். “கழுவாமயா? சுடுதண்ணி ஊத்தி வெள்ளையா வச்சிருக்கேன் தங்கச்சி. சமைக்க வேண்டியதுதான்.”

“சமைக்க இல்ல நானா, நான் படிக்கிற கம்பஸ்ல ஆராய்ச்சிக்கு. கலத்துக்குச் சக்தி குடுக்குற இழைமணி கஷ்டப்படுறப்ப ஒரு புரதம் வரும். அது குடல்ல எங்கெங்க இருக்குன்னு தேடுறேன். சூடு பட்டா எல்லாம் போச்சு. நாளைக்கு எப்ப அறுப்பீங்க?”

“விடிய அஞ்சு மணிக்கு. அந்நேரம் பஸ் இல்ல. இருட்டுல பெட்டியோட நடந்தா, குண்டோன்னு சந்தேகப்பட்டு செக்பொயின்ட் ஆமிக்காரன் விடுவானா?”

அவள் பெட்டியைக் கத்திக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் வெறுங்கையோட நடந்து வர்றேன், விடிஞ்சப்புறம் பெட்டியோட பஸ்ல போயிடுவேன். நீங்க சுடுதண்ணி மட்டும் வைக்காதீங்க.”