மீனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று

தி.நகர் பாத்திரக் கடையில் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அவள் கையில் இரண்டு சிலிக்கான் தோசைக் கரண்டிகள்.

“செவப்பு மீனுக்கு, பச்சை எங்கம்மாவுக்கு,” என்றாள்.

“உங்கம்மாவ எதுக்குத் திருப்பிப் போடணும்?”

“வெளையாடாத. கல்யாணத்துக்கு அப்புறம் மொத தடவ வராங்க. சுத்த சைவம். சிலிக்கான்ல மீன் வாசனை ஏறிட்டா கழுவினாலும் போகாதாம்.”

“சமைக்கிறவன் நானு. எனக்கு செவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான தெரியும்?”

“மறந்தே போச்சு. ஆமா, சிக்னல்ல என்ன பண்ற?”

“பக்கத்துல நிக்கறவன் கெளம்புனா கெளம்புவேன்.”

அவள் போய்ச் சிவப்பை வைத்துவிட்டு, ஓட்டை போட்ட ஒன்றை எடுத்து வந்தாள். “ஓட்டை இருந்தா மீனு. ஞாபகம் வெச்சுக்கோ.”

“சரி.” அவன் குரல் இறங்கியது. “நான் செஞ்சா சாப்புடுவாங்களா?”

“நேத்து போன்ல கேட்டாங்க, மாப்பிள்ள தோசை நல்லா முறுகலா ஊத்துவாராமேன்னு.”

அவன் பச்சைக் கரண்டியை அவள் கையிலிருந்து எடுத்து வளைத்துப் பார்த்தான்.

“இது தொளதொளன்னு கீது. தோசை பிஞ்சிடும்,” என்று சொல்லிவிட்டு, விறைப்பான ஒன்றைத் தேட வரிசையை விட்டே போய்விட்டான்.