ஸ்டாப்பரில் நிற்கும் மரை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் குப்புராஜ் அவர்களே, ஷிப்டு முடிந்த கையோடு எண்ணெய்க் கறைச் சட்டையுடனே வந்து நிற்கும் கும்மிடிப்பூண்டித் தோழர்களே, கடம்பத்தூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் மணவாளனின் மனைவி, தங்கை சுமலதா அவர்களே, வணக்கம்.

நான் தணிகைவேல். மூத்த டர்னர் மணவாளனுக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன். அவரைப் புகழ்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மனிதர் பொல்லாத பிடிவாதக்காரர்!

லேத்தில் சுழலும் இரும்புத் தண்டில் மரை வெட்டுவது ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலையா? வெட்டும் டூல் ஒருமுறை ஓடியதும் பின்னால் இழுத்து, தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அதே இடத்துக்குத் தள்ளி, இன்னும் கொஞ்சம் ஆழம் கொடுக்க வேண்டும். அந்த இடம் தவறினால் மரை பாழ். அதற்குத்தான் ஸ்டாப்பர். டூல் அதில் முட்டி நிற்கும், தாண்டாது. கைப்பழக்கமே போதும் என்று பலர் அதை மாட்டுவதில்லை. மணவாளன் மாட்டாமல் வெட்டியதே இல்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தாலும் சரி, சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டாலும் சரி, "அவசரம்னா இன்னா? ஸ்டாப்பர இறுக்கினு அவசரப்படு" என்பார். எனக்கே பற்றிக்கொண்டு வரும்!

ஏன் அந்தப் பிடிவாதம்? ஷிப்டு மாறும்போது பாதி மரையை யாரும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. கெட்டுப்போனால் பழி யாருக்கு? ஆனால் மணவாளன் ஒப்படைப்பார். அடுத்த ஷிப்டுக்கு வரும் பானுவிடம், "ஸ்டாப்பர்ல நிக்குதும்மா, எடுத்துக்கோ" என்பார். அவ்வளவுதான். பானு தொடருவார். அவர் கை எங்கே முடிந்தது, பானுவின் கை எங்கே தொடங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது.

சென்ற செவ்வாய்க்கிழமை, மரை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்தார். டூலைப் பின்னால் இழுத்தார். மெஷினை நிறுத்தினார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். "பானு வந்தா..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாதி மரையோடு அந்தத் தண்டு இன்னும் லேத்தில்தான் இருக்கிறது. கழற்றி ஸ்கிராப்பில் போடச் சொல்கிறது நிர்வாகம். மாலை போட்டு அப்படியே வைப்போம் என்கிறார்கள் சில தோழர்கள். நேற்று சுமலதா கேட்டார்: "எங்க ஊட்டுக்காரரு கடைசியா செஞ்ச வேலை வீணாப் பூடுமாண்ணா?" 

இன்று மதியம் பானுவை அழைத்துப் போய்ப் பார்த்தேன். ஸ்டாப்பர் இறுகித்தான் இருக்கிறது. பானு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். "அண்ணன் எனுக்குத்தான் வச்சிட்டுப் போயிருக்காரு" என்றார்.

தோழர்களே! மாலை அவர் படத்துக்குப் போடுவோம், லேத்துக்கு வேண்டாம். ஸ்டாப்பர் இல்லாமல் இனி எந்த லேத்திலும் மரை வெட்டமாட்டோம் என்று இங்கே உறுதி சொல்வோம். யார் என்ன சொன்னாலும் நாளைக் காலை பானு அந்த மரையை முடிப்பார். தங்கச்சி சுமலதா, நீங்களும் வர வேண்டும். முடிந்ததும் அதில் ஒரு நட்டை மாட்டி உங்கள் கையாலேயே திருகிப் பாருங்கள். கடைசிவரை ஏறும்.