மலையேறின சைக்கிள்

வந்த பெண்: மூணு வருஷ வண்டின்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்க. டயர்ல முடி கூட உதிரலையே சார்?

கண்ணாடிக்கடைக்காரர்: எது... முடியா?

வந்த பெண்: இதோ பாருங்க. புது டயர்ல ரப்பர் முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்கும்ல? நாலு நாள் ரோட்டுல ஓடினா தேஞ்சு காணாமப் போயிடும். இதுல அப்படியே நிக்குது.

கண்ணாடிக்கடைக்காரர்: அது... டயர் மாத்தினேன்மா. போன மாசம்தான்.

வந்த பெண்: ரெண்டுமா?

கண்ணாடிக்கடைக்காரர்: ரெண்டும்தான். மலைப்பாதை பாருங்க... கல்லும் கரடுமா... பழசு கிழிஞ்சே போச்சு.

வந்த பெண்: அடேயப்பா! டயர் கிழியற அளவுக்கா ஓட்டுவீங்க?

மனைவி: அவர் ஓட்டற வேகம் அப்படிம்மா. இந்தா, முதல்ல தண்ணி குடி. வேர்த்துக் கொட்டுது உனக்கு.

கண்ணாடிக்கடைக்காரர்: நீ எதுக்கு மூணு மாடி இறங்கி வந்தே? நான் பேசி அனுப்ப மாட்டேனா?

மனைவி: நல்லா இருக்கே! நான் வாங்கிக் குடுத்த வண்டி. யார் கைக்குப் போகுதுன்னு பார்க்க வேண்டாமா? இவரோட அம்பதாவது பிறந்தநாளுக்கு, பைசா பைசாவா சேர்த்து வாங்கினதும்மா இது.

வந்த பெண்: ஐயோ... அப்படிப்பட்டதை ஏன் சார் விக்கறீங்க?

கண்ணாடிக்கடைக்காரர்: முட்டி.

வந்த பெண்: முட்டி வலிக்கு சைக்கிள் நல்லதுன்னு சொல்லுவாங்களே?

கண்ணாடிக்கடைக்காரர்: இது... வேற மாதிரி முட்டி வலி.

மனைவி: ஆமாம்மா, ரொம்ப வேற மாதிரி. மூணு வாரம் முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. அதோ நிக்குது பாரு, அந்தப் பச்சை சைக்கிளை நான் வாங்கிட்டு வந்து, "வர்ற ஞாயித்துக்கிழமைல இருந்து நானும் உங்களோட வர்றேங்க"ன்னேன். அன்னிக்கு சாயந்திரமே பிடிச்சுக்கிச்சு.

வந்த பெண்: நீங்க ஓட்டுவீங்களாக்கா?

மனைவி: இப்ப ஓட்டுவேன். நாப்பத்தேழு வயசுல, அந்தப் பள்ளிக்கூட மைதானத்துல, பதினோரு நாள் விழுந்து எழுந்து கத்துக்கிட்டேன். இந்த முழங்கையைப் பாரு.

வந்த பெண்: அப்பா! தோலே இல்லையேக்கா...

கண்ணாடிக்கடைக்காரர்: அதெல்லாம் எதுக்கு இப்ப? வண்டியைப் பார்ப்போம். பதினெட்டாயிரம் போட்டிருக்கேன். கடையில புதுசு முப்பத்தாறு. பாதி விலை. இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

வந்த பெண்: இருங்க சார், பேசாம எப்படி? மலையில ஓட்டின வண்டின்னு நீங்களே சொல்றீங்க. எந்த மாதிரி மலை? ரொம்ப செங்குத்தா?

கண்ணாடிக்கடைக்காரர்: சுமாரா...

மனைவி: சுமாரா? என்கிட்ட அப்படிச் சொல்லலையே நீங்க! உச்சியில இருந்து ரெண்டு கையையும் விட்டுட்டு இறங்குவாராம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே அப்படித்தானாம்.

வந்த பெண்: ரெண்டு கையையும் விட்டா... ஹேண்டில் ஆடும். உள்ள இருக்கற பேரிங் போயிருக்கும். ஒரு ஆயிரம் குறைச்சுக்கலாம் சார். பதினேழு.

கண்ணாடிக்கடைக்காரர்: அதெல்லாம் ஒண்ணும் ஆகலை! ஆட்டிப் பாருங்க. கிண்ணுனு இருக்கு.

மனைவி: அந்தப் பள்ளம் தாண்டினதைச் சொல்லுங்களேன்.

கண்ணாடிக்கடைக்காரர்: எந்தப் பள்ளம்?

மனைவி: மறந்துட்டீங்களா? போன வருஷம், மழைக்கு அப்புறம். பாதை அறுத்துக்கிட்டுப் போயிருந்ததுன்னு, அப்படியே வண்டியோட எகிறித் தாண்டினேன்னு சொன்னீங்களே. ஏழடின்னீங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: ஏழு இருக்காது... ஒரு... நாலு...

வந்த பெண்: நாலோ ஏழோ, எகிறி விழுந்த வண்டி சார். முன் ஃபோர்க்கு அடி வாங்கியிருக்கும். ஃப்ரேம்ல மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. ரெண்டாயிரம். பதினஞ்சுன்னு வெச்சுக்கோங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: என்னம்மா நீங்க, வாயைத் திறந்தா ஆயிரம் ஆயிரமா...

வந்த பெண்: நான் எங்க சார் திறந்தேன்? அக்காதான் சொல்றாங்க.

மனைவி: நான் என்ன இல்லாததையா சொல்றேன்? ஆத்துக்குள்ள இறக்கி அக்கரைக்கு ஓட்டிக்கிட்டுப் போனதை இன்னும் சொல்லவே இல்ல.

கண்ணாடிக்கடைக்காரர்: அதைச் சொல்லாத!

வந்த பெண்: ஆத்துக்குள்ளயா? பெடல் அச்சுல தண்ணி போயிருக்குமே சார். உள்ளே துருப்பிடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது. பதிமூணு.

கண்ணாடிக்கடைக்காரர்: முழங்கால் தண்ணிகூட இல்லம்மா அது!

மனைவி: இடுப்பளவுன்னீங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: இடுப்பு... முழங்கால்... ஏதோ ஒண்ணு. வண்டி சுத்தமா இருக்கு. அவ்வளவுதான்.

வந்த பெண்: சரி, இவ்வளவு பேச்சு எதுக்கு? நீங்களே ஏறி, வாசல்ல ஒரு ரவுண்டு போய் வாங்க சார். சத்தம் வருதா, ஆட்டம் இருக்கான்னு பார்த்துடலாம்.

மனைவி: ஆமாங்க. எனக்கும் பார்க்கணும் போல இருக்கு.

கண்ணாடிக்கடைக்காரர்: முட்டி.

மனைவி: ஒரே ஒரு ரவுண்டுதானே?

கண்ணாடிக்கடைக்காரர்: டாக்டர் ஏறவே கூடாதுன்னுட்டார். வாங்கறவங்கதானே ஓட்டிப் பார்க்கணும்? நீங்க ஏறுங்கம்மா. நல்ல உயரம் நீங்க, கால் அழகா எட்டும்.

வந்த பெண்: நானா... இல்ல சார்... செருப்பு சரியில்ல இன்னிக்கு.

மனைவி: என் ஷூ தர்றேன், போட்டுக்கோ.

வந்த பெண்: வேணாம்க்கா. எனக்கு... சைஸ் பெருசு.

மனைவி: போட்டுப் பார்க்காமலே தெரியுமா?

வந்த பெண்: பார்த்தாலே தெரியுதேக்கா. அப்புறம்... பில் இருந்தா நல்லா இருக்கும். இல்லைன்னா நாளைக்கு யாராவது கேட்டா சங்கடம்.

மனைவி: பில்லா? பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன். இரு, எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள அந்த ஆத்துக் கதையை முழுசா சொல்லுங்க இவளுக்கு.

கண்ணாடிக்கடைக்காரர்: நீ போய்ட்டு வா முதல்ல...

வந்த பெண்: அக்கா நல்ல மாதிரி சார்.

கண்ணாடிக்கடைக்காரர்: மேல போயிட்டாளா? சரி... இங்க வாங்க. கிட்ட வாங்கம்மா. மெதுவாப் பேசுங்க.

வந்த பெண்: என்ன சார் ஆச்சு?

கண்ணாடிக்கடைக்காரர்: இந்த வண்டி புதுசு.

வந்த பெண்: என்னது?

கண்ணாடிக்கடைக்காரர்: புத்தம் புதுசு. பள்ளமும் தாண்டலை, ஆத்துலயும் இறங்கலை. டயரும் மாத்தலை. அந்த முடி, கடையில இருந்து வந்தப்ப இருந்த முடி. நான் இதுல ஏறினதே கிடையாதும்மா. அதனால பதிமூணுங்கறது அநியாயம். பதினெட்டே குடுங்க.

வந்த பெண்: அக்கா சொன்னதெல்லாம்?

கண்ணாடிக்கடைக்காரர்: நான் அவகிட்ட சொன்னது. அவ நம்பிக்கிட்டு இருக்கா.

வந்த பெண்: ஏன் சார்?

கண்ணாடிக்கடைக்காரர்: எப்படிச் சொல்றது... இருபத்தாறு வருஷக் கதை. அவ என் கடைக்குக் கண்ணாடி மாத்திக்க வந்தவ. பவர் பார்த்துக்கிட்டே பேச ஆரம்பிச்சோம். நாலாவது தடவை வந்தப்ப கேட்டா, "உங்களுக்கு என்ன பண்ணப் பிடிக்கும்?"னு. எனக்கு என்னம்மா பிடிக்கும்? காலையில கடை திறப்பேன், ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ முடுக்குவேன், சாயந்திரம் பூட்டுவேன். அதையா சொல்றது? எதிர்ல சுவத்துல ஒரு காலண்டர் தொங்கினது. மலை, மேகம், ஒருத்தன் சைக்கிள்ல இறங்கறான். "மலையில சைக்கிள் ஓட்டுவேன்"னுட்டேன்.

வந்த பெண்: நம்பிட்டாங்களா?

கண்ணாடிக்கடைக்காரர்: கண்ணு விரிஞ்சதும்மா. ஆயிரம் பேர் கண்ணைப் பார்த்தவன் நான். அந்த மாதிரி ஒரு கண்ணை அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. அப்புறம் எப்படி வாயை மூடறது? சொல்லிக்கிட்டே போனேன். கல்யாணம் ஆச்சு, கடை பெருசாச்சு... "இப்பல்லாம் நேரமே இல்ல"ன்னு சமாளிச்சுட்டேன். திடீர்னு அம்பதாவது பிறந்தநாளுக்கு இதைக் கொண்டு வந்து நிறுத்தறா.

வந்த பெண்: அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?

கண்ணாடிக்கடைக்காரர்: சொல்லணும்னுதான் நினைச்சேன். கண்ணு மறுபடியும் அதே மாதிரி விரிஞ்சிருந்தது.

வந்த பெண்: ம்...

கண்ணாடிக்கடைக்காரர்: அதனால ஞாயித்துக்கிழமை ஆனா ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு...

வந்த பெண்: தெரு முனை வரைக்கும் உருட்டிக்கிட்டே போய், பார்க்குக்குள்ள மூணாவது பெஞ்சுல உக்காருவீங்க. வண்டியை மரத்துல சாச்சுட்டு ரெண்டு மணி நேரம் பேப்பர் படிப்பீங்க. பூச்செடிப் பாத்தியில இருந்து மண்ணை எடுத்து சக்கரக் கம்பியில பூசுவீங்க. கிளம்பறப்ப பாட்டில் தண்ணியை முகத்துல தெளிச்சுக்குவீங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: அது... அதெல்லாம் உங்களுக்கு எப்படி...

வந்த பெண்: உக்காருங்க சார். படியில உக்காருங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: நீங்க... யாரு?

வந்த பெண்: பஸ் டிரைவர். ஞாயித்துக்கிழமை முதல் வண்டி என்னுது. போறப்பவும் வர்றப்பவும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பார்க் ஸ்டாப்புல எட்டு நிமிஷம் நிறுத்தணும். எட்டு நிமிஷம் எதையாவது பார்க்கணும்ல? மூணு வருஷமா உங்களைத்தான் பார்க்கறேன்.

கண்ணாடிக்கடைக்காரர்: அப்ப... முதல்ல இருந்தே தெரியுமா? தெரிஞ்சேதான் ஆயிரம் ஆயிரமா குறைச்சீங்களா?

வந்த பெண்: நீங்க எதுவரைக்கும் தாங்கறீங்கன்னு பார்த்தேன் சார். ஆத்துல இறங்கினப்ப எனக்கே பாவமா ஆயிடுச்சு.

கண்ணாடிக்கடைக்காரர்: நல்ல ஆளும்மா நீங்க! இருங்க, இருங்க... அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டறவங்க, சைக்கிள்ல ஏறச் சொன்னா செருப்பு சரியில்லைங்கறீங்க?

வந்த பெண்: செருப்பு... நிஜமாவே...

கண்ணாடிக்கடைக்காரர்: நான் என் கதையைச் சொல்லிட்டேன்.

வந்த பெண்: சிரிக்கக் கூடாது.

கண்ணாடிக்கடைக்காரர்: நான் சிரிக்கற நிலைமையிலயா இருக்கேன்?

வந்த பெண்: எனக்கும் ஓட்டத் தெரியாது சார்.

கண்ணாடிக்கடைக்காரர்: சைக்கிளா?

வந்த பெண்: சைக்கிள்தான். பதினாறு வருஷமா ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டறேன். டிப்போவுல யார்கிட்டயாவது சொல்ல முடியுமா? ஓட்டி ஓட்டிச் சிரிப்பாங்க. அதனாலதான் உங்க விளம்பரத்துல வண்டி போட்டோவைப் பார்த்ததும் ஓடி வந்தேன். அந்த மரத்தடியில நிக்கற வண்டின்னு அடையாளம் தெரிஞ்சது. ஓட்டத் தெரியாதவர்கிட்ட வாங்கினா "ஓட்டிக் காட்டு"ன்னு கேக்க மாட்டார்ல?

கண்ணாடிக்கடைக்காரர்: நான்தான் கேட்டுத் தொலைச்சேனே!

வந்த பெண்: கேட்டீங்களே!

கண்ணாடிக்கடைக்காரர்: அது சரி... இத்தனை வருஷம் இல்லாத ஆசை இப்ப என்னம்மா?

வந்த பெண்: சைக்கிள்காரங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது சார். குறுக்க வருவாங்க, ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பேன். போன மாசம் ஒரு நாள், லேசா தூறல். பாலத்து இறக்கத்துல ஒரு பொண்ணு, ரெண்டு காலையும் பெடல்ல இருந்து எடுத்து நீட்டிக்கிட்டு, அப்படியே மிதந்துக்கிட்டுப் போறா. என்னமோ கை ஹாரனுக்குப் போகலை. பின்னாடியே பஸ்ஸை மெதுவா உருட்டிக்கிட்டுப் போனேன். உள்ளே இருக்கறவங்க எல்லாம் கத்தறாங்க, நேரமாச்சுன்னு. எனக்குக் காதுலயே விழலை. ஒரே ஒரு நாள் அப்படிப் போகணும் சார். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கடைக்காரர்: ...பதினாலு குடுங்க.

வந்த பெண்: புதுசுன்னீங்க. பதினெட்டுன்னீங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: பதினாலு போதும்.

வந்த பெண்: அது தப்பு சார். ஓட்டாத வண்டிக்கு ஓட்டின வண்டி விலை குடுக்க எனக்கு மனசு வராது. பதினாறு. ஆனா அதுக்கு ஒண்ணு பண்ணணும் நீங்க. அக்காகிட்ட சொல்லிடுங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: அதுக்கு நான் இந்த வண்டியை உங்களுக்குச் சும்மாவே குடுத்துடுவேன்.

வந்த பெண்: வண்டி போயிடும் சார். முட்டி வலியை எத்தனை வருஷம் வெச்சுக்குவீங்க? அக்கா ஒத்தையில அந்தப் பச்சை சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போறதை, நீங்க மாடியில இருந்து பார்த்துக்கிட்டே நிப்பீங்களா?

கண்ணாடிக்கடைக்காரர்: நின்னுதானே ஆகணும்...

வந்த பெண்: பேசாதீங்க, வர்றாங்க.

மனைவி: இந்தா பில். என்ன, பேசி முடிச்சாச்சா?

வந்த பெண்: பதினாறுக்கு முடிஞ்சதுக்கா.

மனைவி: பரவாயில்லையே! பதிமூணுல விட்டுட்டுப் போனேன். மூணாயிரம் ஏத்திட்டாரே, கெட்டிக்காரர்தான். என்னங்க, முகம் ஏன் இப்படிப் போச்சு?

கண்ணாடிக்கடைக்காரர்: இங்க பாரு... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மனைவி: சொல்லுங்க.

கண்ணாடிக்கடைக்காரர்: அந்த மலை...

மனைவி: எந்த மலை?

கண்ணாடிக்கடைக்காரர்: எந்த மலையும் இல்ல. பள்ளமும் இல்ல, ஆறும் இல்ல. எனக்கு... சைக்கிள் ஓட்டத் தெரியாது. அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. நீ திட்டறதா இருந்தா திட்டிடு. இந்தப் பொண்ணு இருக்காளேன்னு பார்க்காத.

வந்த பெண்: நான் வேணா அந்தப் பக்கம் போய் நிக்கறேன் சார்...

கண்ணாடிக்கடைக்காரர்: இருங்கம்மா. தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க. ஏய், நீ ஏதாவது பேசேன்.

மனைவி: என்ன பேசச் சொல்றீங்க? மூணு வருஷமா உங்க பேண்ட்டை மடிச்சு வெக்கறவ நான், ஒரு நாள் ஒரு சொட்டு செயின் கிரீஸ் பார்த்தது கிடையாது. முதல் மாசமே தெரிஞ்சு போச்சு. கேட்டா நீங்க சுருங்கிப் போயிடுவீங்கன்னு விட்டுட்டேன், வெளியாள்கிட்ட போய்க் கத்துக்கற ஆளும் நீங்க இல்ல. அப்ப யார்தான் உங்களுக்குச் சொல்லித் தர்றது? இந்த வயசுல நான் எதுக்குப் பதினோரு நாள் விழுந்து எழுந்தேன்னு நினைச்சீங்க, ஆசைப்பட்டா? அந்த உசர வண்டியை இவளே கொண்டு போகட்டும், உங்களுக்குக் கால் எட்டாது. ஞாயித்துக்கிழமை வேலையை மாத்திக்கிட்டு நீயும் மைதானத்துக்கு வந்துடு தங்கச்சி, உனக்கும் ஓட்டத் தெரியாதுன்னு நீ சொன்னது, மாடிப்படியில நின்ன எனக்குக் கேட்டது. ஏங்க, அந்தப் பச்சை சைக்கிள்ல ஏறுங்க... பயப்படாதீங்க, பின்னாடி நான் பிடிச்சுக்கறேன்.