ஒன்பது புள்ளியும் ஒரு மொட்டையும்

— சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். இண்டைக்குத் திங்கள், நீங்கள் மொட்டை அடிக்கச் சலூனுக்கு வெளிக்கிடுறியள். என்னப்பா, மூளை கீளை பிசகிப்போச்சோ?

— மலர், நேர்த்தி நேர்த்திதான். பி.எஸ்.வி. அணி சாம்பியன் வந்தால் மூண்டு நாளுக்குள்ளை மொட்டை எண்டு அம்மனுக்கு வைச்சனான். நேற்று வந்திட்டுது!

— சனம் பிள்ளைக்கு நேர்த்தி வைக்கும், விசாவுக்கு வைக்கும். பந்துக்கு வைச்ச ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்.

— வெறும் பந்தோ? எடியே, லண்டனுக்கு வர முதல் பதினொரு வருசம் ஒல்லாந்திலை, ஐந்தோவனிலை கோப்பை கழுவினனான். விசா இல்லை, பாசை இல்லை. ஆனா அந்த ஊர் பி.எஸ்.வி.யின்ரை சிவப்பு வெள்ளைச் சால்வையைப் போட்டுக்கொண்டு மட்ச் பாக்கப் போனால், பக்கத்திலை நிக்கிற வெள்ளைக்காரன் கோலுக்குக் கோல் கட்டிப்பிடிப்பான். உனக்கு அது விளங்காது.

— விளங்கினபடியால்தான் பங்குனியிலை ‘சரி, வையுங்கோ’ எண்டனான். அப்ப ஒன்பது புள்ளி பின்னாலை நிண்டது. அழாக்குறையா இருந்தனீங்கள்.

— அங்கைதான் அம்மன் நிண்டவா! போன புதன், முன்னுக்கு நிண்ட அயாக்ஸ் தொண்ணூற்றொன்பதாவது நிமிசத்திலை ஒரு கோல் வாங்கினாங்கள் பார்... இஞ்சை ரெய்னர்ஸ் லேன் கடைக்குள்ளை நான் குளறின குளறலிலை ஒரு மனுசி முட்டைப் பெட்டியைப் போட்டிட்டுது. கடைசியிலை ஒரே ஒரு புள்ளியாலை நாங்கள் சாம்பியன்!

— ‘நாங்கள்’. கோல் எல்லாம் இவர்தான் அடிச்சவர். இஞ்சேருங்கோ, மொட்டைத் தலையோடை மணவறையிலை நிண்டு மகளைத் தாரைவார்த்தால், கனடாவாலை வாற சனம் ‘ஐயோ, ஆர் மோசம் போனது?’ எண்டு கேக்கும். நல்ல நாளிலை எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம்.

— அம்மன் கோவிப்பா, மலர்.

— அவவும் ஒரு பொம்பிளைதானே. பிள்ளையின்ரை கலியாணம் எண்டால் ஒரு கிழமை பொறுப்பா. பேந்து, வெள்ளிக்கிழமைதான் தலைக்கு டை அடிச்சனீங்கள். எத்தினை தரம் கண்ணாடி பாத்தனீங்கள் எண்டு நான் எண்ணினனான்.

— வடிவாத்தான் இருக்கு, என்ன?

— முப்பத்தஞ்சு வயசு மாதிரி.

— ம்... அப்ப கலியாணம் முடிய வைப்பம். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனமில்லைத்தான். பொறு, போன் அடிக்குது. ஐந்தோவனிலையிருந்து மாப்பிள்ளை. வீடியோவிலை.

— மாமா! சாம்பியன்! மாமி, வணக்கம்!

— வணக்கம் தம்பி. அதென்ன, வீட்டுக்குள்ளையும் தொப்பி?

— மாமி, கோவிக்காதேங்கோ. பங்குனியிலை மாமாவோடை சேர்ந்து நானும் நேர்த்தி வைச்சனான். மாமா சொல்லேல்லையோ? காலமைதான் முடிச்சனான். கழட்டுறன், பாருங்கோ.

— ஐயோ, அம்மாளாச்சி! உரிச்ச முட்டை மாதிரி!

— உங்கடை மகள் ஜதுவுக்கும் போனிலை காட்டினனான். இன்னும் சிரிச்சு முடியேல்லை. கலியாணத்துக்குத் தலைப்பாகை கட்டுவினம்தானே, மாமி?

— ரிசெப்ஷனுக்கும் தலைப்பாகையோடையோ கேக் வெட்டப் போறீங்கள்?

— மலர், நீ சிரிக்கிறியோ, அழுறியோ?

— ரெண்டும்தான். கார்த் திறப்பு எங்கை?

— ஏன்?

— சலூனுக்குத்தான், எழும்புங்கோ!

— மலர், என்ரை டை...

— டையும் மையும்! ஒரு மொட்டை நிண்டால் செத்தவீடு எண்டு சனம் நினைக்கும். மாமனும் மருமோனும் மொட்டையா நிண்டால்தான் நேர்த்தி எண்டு விளங்கும்!